முதல் மூவரில் நான்

ஜனவரி 6

அன்புள்ள தங்கச்சிக்கு,

அண்ணன் எழுதுகிறேன். இங்கே நானும் உன் அண்ணியும் நலம். அங்கே நீ, மாப்பிள்ளை, பிள்ளைகள் எல்லோரும் நலமா என்று அறிய ஆவல்.

உறையைத் திருப்பித் திருப்பிப் பார்க்காதே. யாரையும் வைத்து எழுதவில்லை. கை என்னுடையது, பேனா என்னுடையது, பிழை இருந்தால் அதுவும் எனக்கே சொந்தம். முகவரி எழுதும்போது உன் அண்ணி மூச்சுவிடாமல் பக்கத்தில் நின்றாள், நான் ஏதோ மரப்பாலத்தின்மேல் ரோடு ரோலர் ஓட்டுவதுபோல.

குதிகாலில் அறுவை முடிந்து, காலைத் தலையணைமேல் தூக்கி வைத்துக்கொண்டு கிடந்தேன் அல்லவா, அந்த மாதங்களில்தான் படித்தேன். மாடியில் குடியிருக்கும் தபால்கார அம்மா வேலையிலிருந்து ஓய்வுபெற்றுவிட்டார். என்னைப் பார்க்க வந்தவர், "ஆயுசு பூரா ரோடு போட்டீங்க. ரோட்டோரம் எழுதியிருக்கிறதை எப்பதான் படிக்கப் போறீங்க?" என்று கேட்டுவிட்டு, மறுநாளே சிலேட்டோடு இறங்கி வந்தார். அவருக்குத் தெரிந்தது கடிதம்தான். அதை வைத்தே எழுத்தைச் சொல்லிக்கொடுத்தார். நான் முதன்முதலில் முழுதாக எழுதிய வரி 'இங்கு நலம்'. தலையே போனாலும் முதல் வரி அதுதான், அது எதிரில் இருப்பவருக்குக் கொடுக்கும் மரியாதை என்பார்.

இனி நமக்குள் போன் கிடையாது, கடிதம்தான். படிக்கக் கற்றவனுக்குப் படிக்க ஏதாவது வேண்டாமா?

பெரிய செய்தியைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன். குதிகாலில் இருந்த கறுப்பைத் தார்க்கறை என்று நினைத்து வருஷக்கணக்காக மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தேனே, அது மெலனோமா என்ற தோல் புற்றுநோய் என்று சொல்லித்தான் வெட்டி எடுத்தார்கள். வெட்டினாலும் திரும்பி வரக்கூடிய வியாதியாம். அது திரும்பாமல் தடுக்கப் புதிதாக ஒரு தடுப்பூசி செய்து, அதை மனிதர்களுக்குப் போட்டுப் பார்க்கப் போகிறார்கள். அதில் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். நர்ஸம்மா சம்மதத் தாள்களோடு கட்டைவிரல் மைப்பெட்டியையும் கொண்டுவந்தார். மைப்பெட்டியை எடுத்துக்கொண்டு போங்கள், பேனா கொடுங்கள் என்றேன். எழுத்துக் கூட்டி எல்லாத் தாளையும் படித்து முடித்த பிறகுதான் கையெழுத்துப் போட்டேன். அதைப் பார்த்துவிட்டு அவர், "வாசல்ல கோலம் போட்ட மாதிரி இருக்கு ஐயா" என்றார்.

பதிலைப் பெரிய எழுத்தில் எழுது.

உன் அண்ணன்,
ரோலர்


ஜனவரி 24

அன்பு அண்ணாவுக்கு,

நாங்கள் இங்கே சுகம். நீயும் அண்ணியும் சுகம்தானே?

உன் கடிதத்தைச் சலவைக் கடை மேசையில் விரித்துப் படித்தேன். வந்தவர் போனவரை எல்லாம் நிறுத்தி, எங்கண்ணன் எழுதியது என்று காட்டினேன். இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த உன் மாப்பிள்ளை எட்டிப் பார்த்து, "ஒவ்வொரு எழுத்தும் அழுந்தி விழுந்திருக்கு. ரோலர் ஓட்டின கையாச்சே" என்றார். பெட்டிக்குக் கீழே இருந்த சட்டையை மறந்துவிட்டார். அது தீய்ந்ததற்கு நீதான் பொறுப்பு.

அந்த ஊசி சங்கதி எனக்குப் பாதிதான் புரிந்தது. அது மருந்தா, இல்லை மருந்துதானா என்று பார்க்கிறார்களா? குணமாகும் என்று டாக்டர் தன் வாயால் சொன்னாரா? மறைக்காமல் எழுது. சின்ன வயதில் மரத்திலிருந்து விழுந்து கையை உடைத்துக்கொண்டு, அந்தக் கையைச் சட்டைக்குள் ஒளித்துவைத்துச் சாப்பிட உட்கார்ந்தவன் நீ. அண்ணி உன் பேச்சை நம்பலாம், நான் நம்ப மாட்டேன்.

காலைப் பார்த்து வை.

இப்படிக்கு,
உன் வாயாடி


பிப்ரவரி 15

பாசமுள்ள வாயாடிக்கு,

இங்கு அனைவரும் நலம். உங்கள் எல்லோர் நலமும் வேண்டும். தீய்ந்த சட்டையின் சொந்தக்காரருக்கு என் வருத்தத்தைச் சொல்.

நீ கேட்டதை டாக்டரிடம் அப்படியே கேட்டேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு என் எதிரில் உட்கார்ந்துகொண்டார். "இது உங்களுக்கு உதவும்னு நான் வாக்குக் கொடுக்க மாட்டேன் ஐயா. இப்ப நாங்க பார்க்கிறது, இதை ஆபத்தில்லாம போட முடியுமா, எவ்வளவு போடலாம்னுதான். நோயைத் தடுக்குதாங்கிறது அதுக்கப்புறம் வர்ற கேள்வி" என்றார். ஒளிவுமறைவில்லாத பேச்சு. எனக்குப் பிடித்துவிட்டது.

அவர்கள் செய்திருக்கும் வேலையைக் கேள். வெட்டி எடுத்த என் கட்டியைக் குப்பையில் போடவில்லை. அதை ஆராய்ந்து, என் நல்ல சதையில் இல்லாத அடையாளங்கள் எவை என்று பொறுக்கி எடுத்து, அவற்றை வைத்து எனக்கென்றே ஒரு மருந்து செய்திருக்கிறார்கள். அதை உள்ளே செலுத்தினால், இந்த அடையாளத்தோடு எவன் வந்தாலும் பிடி என்று உடம்பு பழகிக்கொள்ளுமாம். பழகுமா என்பதுதான் தெரிய வேண்டும். என் பெயர் ஒட்டிய சின்னக் குப்பி. பெயரை நானே படித்தேன், தங்கச்சி! இந்த உலகத்தில் வேறு யாருக்கும் உதவாத மருந்து அது.

காத்திருக்கும் இடத்தில் ஒரு தையல்காரம்மா பழக்கம். கட்டைவிரல் நகத்தடியில் கறுப்பு வந்து, தையல் மிஷினில் நசுங்கியது என்று விட்டுவிட்டாராம். எனக்குத் தார், அவருக்கு மிஷின். பாதி விரல் போய்விட்டது, நாக்கு போகவில்லை. நான் குப்பிக் கதையைச் சொன்னதும், "அப்ப நம்ம ரெண்டு பேருக்கும் ரெடிமேடு கிடையாது, அளவெடுத்துத் தைக்கிறதுதான்னு சொல்லுங்க" என்றார். வார்டே சிரித்தது.

முதலில் மூன்று பேருக்குக் குறைந்த அளவில் போடுவார்கள். அவர்கள் தாங்கிக்கொண்டால் அடுத்த குழுவுக்கு அளவைக் கூட்டுவார்கள். தையல்காரம்மா அடுத்த குழு. நான் முதல் மூவரில் ஒருவன். மற்ற இருவரும் வேறு ஆஸ்பத்திரிகளில் இருக்கிறார்கள். முதல் ஊசி போட்டாகிவிட்டது. கை கொஞ்சம் வலித்தது, அவ்வளவே.

மகிழ்ச்சியோடு,
அண்ணன்


மார்ச் 3

அண்ணா,

எல்லோரும் சௌக்கியம். உங்களையும் அப்படியே எதிர்பார்க்கிறேன்.

கடிதத்தை உன் மாப்பிள்ளைக்கு இரண்டு முறை படித்துக் காட்டினேன். அந்த டாக்டரை எனக்கும் பிடித்துவிட்டது. வாக்குக் கொடுக்காத ஆளை நம்பலாம். தையல்காரம்மாவையும் விசாரித்ததாகச் சொல். கடையில் கூட்டம், அதனால் சுருக்கமாக முடிக்கிறேன். அடுத்த ஊசி போட்டதும் எழுது. ஒன்று விடாமல் எழுது.

வாயாடி


மார்ச் 21

அன்புத் தங்கச்சிக்கு,

நலம். உன் நலம் அறிய ஆவல்.

இரண்டாவது ஊசியும் ஆயிற்று. தினமும் உடம்பு எப்படி இருக்கிறது என்று வீட்டில் எழுதிவைக்க, முதல் ஊசியன்றே ஒரு சின்னப் புத்தகம் கொடுத்திருக்கிறார்கள். நானே எழுதுவேன் என்று சொன்னதும் நர்ஸம்மா முகத்தைப் பார்க்க வேண்டுமே. ஒவ்வொரு பக்கத்திலும் 'நலம்' என்று எழுதியிருக்கிறேன். 'ந'வின் வளைவு இப்போது எனக்கு நன்றாக வருகிறது. நர்ஸம்மா போனில் விசாரித்தபோதும் அதையேதான் சொன்னேன்.

வெயில் ஆரம்பித்துவிட்டது. உன் அண்ணி கம்பளிகள் இரண்டையும் அலசிக் காயப்போட்டாள். இந்த வெயிலில் யாருக்குக் கம்பளி என்று மாடி அம்மா கேட்டார். பூச்சி அரித்துவிடும், அதற்காக என்றேன். கட்டில் கால் ஒன்று ஆட்டம் கண்டிருந்தது, ஆணி அடித்துச் சரிசெய்தேன். தெருமுனையில் புதுப் பலகை வைத்திருக்கிறார்கள். 'இங்கு வண்டி நிறுத்தாதீர்' என்று இருக்கிறது. அதன் அடியில் நின்று உரக்கப் படித்தேன். வண்டி நிறுத்தியிருந்த ஒருவர் பயந்துபோய் எடுத்துக்கொண்டு போனார்.

தையல்காரம்மாவின் குழுவுக்குச் சீக்கிரமே ஆரம்பிக்கப் போகிறார்கள். பெரிய அளவு. முதல் மூவரும் தாங்கிக்கொண்டோம் என்பதால்தான் இது நடக்கிறது. அதை நினைத்தால் பெருமையாக இருக்கிறது.

அண்ணன்


ஏப்ரல் 2

அண்ணா,

நாங்கள் சுகம். உன் சுகத்தை நான் கேட்கவில்லை. கேட்டால் என்ன எழுதுவாய் என்று தெரியும்.

சலவைக் கடைக்காரியிடம் கம்பளிக் கதை சொல்லாதே. பூச்சிக்குப் பயந்து யாரும் கம்பளியை அலசுவதில்லை, வெயிலில் உதறி மடித்து வைப்பார்கள். வேர்வை ஊறிப்போனால்தான் அலசுவார்கள். இந்த வெயிலில் இரண்டு கம்பளியையும் யார் போர்த்திக்கொண்டது? ஆணி அடிக்கும் அளவுக்குக் கட்டில் ஆட, அதில் படுத்திருந்தது யார்?

ஊசி போட்ட அன்று என்ன நடந்தது? போனில் கேட்டால் சிரித்து மழுப்புவாய், அதனால்தான் எழுதிக் கேட்கிறேன். உன் கை பொய் எழுத இன்னும் பழகவில்லை.

தங்கை


ஏப்ரல் 14

அண்ணா,

பதில் வரவில்லை.

உன் மாப்பிள்ளை, தபால் தாமதமாக இருக்கும் என்கிறார். தாமதம் தபாலில் இல்லை என்று எனக்குத் தெரியும். ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்தத் தையல்காரம்மாவுக்கு ஊசி போட்டாகிவிட்டதா? இல்லையென்றால் இன்னும் எதற்காக உட்கார்ந்துகொண்டிருக்கிறாய்?


ஏப்ரல் 18

தங்கச்சிக்கு,

உன் இரண்டு கடிதங்களும் தலையணைக்கு அடியில் இருக்கின்றன. கம்பளியைப் பற்றி நீ எழுதியதை உன் அண்ணிக்குப் படித்துக் காட்டினேன். அவள், "நான் சொன்னா கேட்கலை, இப்ப கடுதாசி சொல்லுது, கேளுங்க" என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

நடந்தது இதுதான். இரண்டாவது ஊசி போட்டு வீட்டுக்கு வந்த அன்று சாயங்காலம் குளிர் எடுத்தது. சும்மா குளிர் இல்லை. இன்ஜின் ஓடும்போது ரோலர் அதிருமே, அப்படி அதிர்ந்தேன். உன் அண்ணி இரண்டு கம்பளியையும் போட்டு, அதற்குமேல் தானும் விழுந்து அமுக்கிப் பிடித்தாள். கட்டில் நகர்ந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று அவள் கெஞ்சினாள், நான் விடவில்லை. பிறகு வேர்த்துக் கொட்டியது. மறுநாள் எழுந்து புத்தகத்தில் 'நலம்' என்று எழுதினேன்.

அது பழக்கதோஷம், தபால்கார அம்மா சொல்லிக்கொடுத்த மரியாதை என்று உனக்கு எழுதலாம் என்றுதான் நினைத்தேன். முதல் நாள் பக்கத்தில் அப்படித்தான் எழுதவும் செய்தேன். ஆனால் நடுங்கிய நாளின் பக்கத்தில் எழுதியது மரியாதை இல்லை, பயம். சொன்னால் ஊசியை நிறுத்திவிடுவார்கள், நிறுத்தினால் அந்தக் கறுப்பு எங்காவது திரும்பி வரும் என்று பயந்தேன். உனக்கு இவ்வளவு சந்தோஷமாக எழுதிய கடிதங்களுக்குள் எல்லாம் அந்தப் பயம் உட்கார்ந்திருந்தது.

ரோலருக்கு முன்னால் சிவப்புக் கொடியோடு ஓர் ஆள் நடப்பான். பள்ளம் தெரிந்தால் காட்டுவதற்குத்தான் அவன். முதல் மூவர் என்றால் என்ன அர்த்தம் என்று எனக்கு இப்போதுதான் உறைக்கிறது. பள்ளத்தைப் பார்த்துவிட்டுக் கொடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்திருக்கிறேன். பின்னால் வருவது தையல்காரம்மா.

அவருக்கு இன்னும் போடவில்லை. அடுத்த வாரம் போடுகிறார்கள். இந்தக் கடிதத்தைத் தபால் பெட்டியில் போட்டுவிட்டு அப்படியே ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். உன் அண்ணி செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறாள், நான் பாதி வழியில் திரும்பிவிடக் கூடாதாம்.

அண்ணன்


ஏப்ரல் 27

அண்ணா,

உன் கடிதத்தைப் படித்ததும் போனை எடுத்தேன், திரும்ப வைத்தேன். நீ போட்ட சட்டத்தை நானே மீற வேண்டாம் என்றுதான். கடையில் ஒரு வேலை ஓடவில்லை. ஒருவர் வேட்டியை இன்னொருவர் பையில் போட்டுக் கொடுத்திருக்கிறேன், இரண்டு பேரும் சண்டைக்கு வந்தார்கள்.

உன்னைத் திட்டுவதற்கு நிறைய வைத்திருந்தேன். அந்தக் கடிதத்துக்குப் பிறகு திட்ட வாய் வரவில்லை. அங்கே என்ன சொன்னார்கள்? வெளியே அனுப்பிவிட்டார்களா?

வாயாடி


மே 8

என் அன்பு வாயாடிக்கு,

குதிகால் தையல் இருந்த இடம் மாலையில் இழுக்கிறது. நேற்று வயிறு சரியில்லை, அது உன் அண்ணி சமையல். மற்றபடி பசிக்கிறது, தூங்குகிறேன். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்? உள்ளது உள்ளபடி எழுது.

அன்று போனதும் நர்ஸம்மாவிடம் புத்தகத்தைக் கொடுத்து, இதில் ஒரு பக்கம் பொய் என்றேன். முழுதும் கேட்டுவிட்டு அவர், "ஐயா, இது நீங்க எங்களுக்கு எழுதுற கடுதாசி இல்ல. உங்க உடம்பு எழுதுறது. நீங்க கையை மட்டும் கொடுத்தாப் போதும்" என்றார். குரல் உயரவே இல்லை. உயர்ந்திருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன்.

பிறகு டாக்டர் வந்தார். உடனே ரத்தம் எடுத்தார்கள், நெஞ்சில் கம்பி ஒட்டிப் படம் எடுத்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது. நான் அதுவரை அடக்கிவைத்திருந்ததைக் கேட்டேன். "என்னைத் துரத்திடுவீங்களா?"

"குளிர் நடுக்கம் வந்ததுக்கு யாரையும் துரத்துறதில்ல. அதை மறைக்கிற ஆளை வச்சுக்கிட்டுத்தான் நாங்க ஒண்ணும் பண்ண முடியாது" என்றார்.

"நடுக்கம் வந்துச்சுன்னா மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தமா?"

"தெரியாது ஐயா. தெரிஞ்சா முதல்ல உங்ககிட்டதான் சொல்வேன்."

இந்தச் சோதனையை மேற்பார்க்கும் பெரிய டாக்டர்களுக்குத் தகவல் போனது. தையல்காரம்மாவின் தேதியைத் தள்ளிவைத்துவிட்டார்கள். அளவையும் முதலில் நினைத்த அளவுக்குக் கூட்டப் போவதில்லை. வீட்டுக்கு அனுப்பாமல் வார்டிலேயே படுக்கவைத்துப் பார்ப்பார்கள். மருந்தும் கம்பளியும் கட்டில் பக்கத்திலேயே இருக்கும். மற்ற ஆஸ்பத்திரிகளுக்கும் இதைச் சொல்லியாகிவிட்டது.

தையல்காரம்மாவிடம் நானே போய்ச் சொன்னேன். அவர் தன் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். "எனக்கு ரெண்டு புள்ளைங்க இருக்கு, தெரியும்ல" என்றார். பிறகு எழுந்து போய்விட்டார். அன்றைக்கு வார்டில் யாரும் சிரிக்கவில்லை.

என் மூன்றாவது ஊசியை வார்டில் படுக்கவைத்துப் போட்டார்கள். மறுபடியும் நடுக்கம் வந்தது. இந்த முறை பக்கத்தில் ஆட்கள் இருந்தார்கள், மருந்து கொடுத்தார்கள், சீக்கிரம் அடங்கியது. ஒவ்வொன்றும் எப்படி வந்து எப்படிப் போனது என்று கவனித்துப் பக்கம் பக்கமாக எழுதினேன். புத்தகம் தீர்ந்துவிட்டது. நர்ஸம்மா இன்னொன்று கொடுத்து, "வீட்டம்மா சமையல் பத்தி மட்டும் இதுல வேண்டாம்" என்றார்.

அண்ணன்


மே 22

அண்ணா,

உள்ளது உள்ளபடி கேட்டாயே, இதோ: வெந்நீர் ஆவியில் நின்று நின்று என் முழங்கால் போய்விட்டது. மாடிப்படி ஏறுவதில்லை, கடையிலேயே படுத்துக்கொள்கிறேன். உன் நோய்க்கு முன்னால் இது என்ன பெரிதா என்று இத்தனை நாள் எழுதவில்லை. உன் மாப்பிள்ளை டாக்டரிடம் அழைத்துப்போகத் தேதி வாங்கிவிட்டார். இப்போது உனக்குத் திருப்தியா?

வெளியே அனுப்பவில்லை என்று படித்ததும் கடையைப் பாதி நேரத்துக்கு மூடிவிட்டு எல்லோருக்கும் காபி வாங்கிக் கொடுத்தேன். அந்தத் தையல்காரம்மாவுக்கு என்ன ஆயிற்று என்று உடனே எழுது.

வாயாடி


ஜூன் 11

தங்கச்சிக்கு,

முதலில் உன் முழங்கால். டாக்டர் என்ன சொன்னாரோ அதை அப்படியே எழுது, பெரிதா சின்னதா என்று நீ முடிவுசெய்யாதே. எனக்கு இன்று உடம்பில் ஒரு குறையும் இல்லை. இது மரியாதைக்கு எழுதியது அல்ல.

நேற்று தையல்காரம்மாவுக்கு ஊசி. நானும் உன் அண்ணியும் காலையிலேயே போய் வெளியே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டோம். யாரும் கூப்பிடவில்லை. வீட்டில் இருக்க முடியவில்லை, அதனால் போனோம். அவர் எங்களைத் தாண்டித்தான் உள்ளே போனார். என் பக்கம் திரும்பவில்லை. உன் அண்ணி, "பார்க்காட்டி பரவாயில்ல, உட்காருங்க" என்றாள்.

மதியம் தாண்டி நர்ஸம்மா கதவைத் திறந்து, நடுக்கம் ஆரம்பித்துவிட்டது, மருந்து கொடுத்தாகிவிட்டது, அந்தம்மா உங்களைக் கூப்பிடுகிறார் என்றார்.

கம்பளிக்குள் முகம் மட்டும்தான் தெரிந்தது. பல் கடகடவென்று அடித்துக்கொண்டது. கட்டில் கம்பியை டாக்டர் ஒரு பக்கம் பிடித்திருந்தார்.

"ரோலரு... இது எப்பய்யா நிக்கும்?"

இந்த ஊசியில் இப்படி நடுங்கியவன் அங்கே நான் ஒருவன்தான். டாக்டருக்குக்கூட அது வெளியிலிருந்துதான் தெரியும். நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"முதுகுல கிளம்பிச்சா?"

"ஆமா."

"தாடைக்கு வந்துடுச்சா?"

"வந்துடுச்சு. கேட்கலையா உங்களுக்கு?"

"அப்ப பாதிக்கு மேல தாண்டியாச்சும்மா. இனிமே காதுமடல் சுடும். அது சுட்டதும் தொடை இறுக்கம் விடும். அப்புறம் வேர்க்கும். வேர்த்தா முடிஞ்சுது. உசுரு போற மாதிரி இருக்கும், போகாது. ரெண்டு தடவை பார்த்துட்டேன்."

"பொய் சொல்லலையே?"

"இல்லம்மா."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். நர்ஸம்மா நாடியைப் பிடித்தபடி நின்றார். ஊசி எனக்குள் போனபோதுகூட நான் இப்படி எதையும் வேண்டிக்கொண்டதில்லை.

"காது சுடுது" என்றார்.

பல் அடிக்கும் சத்தம் விட்டுவிட்டு வர ஆரம்பித்தது, பிறகு நின்றது. கொஞ்ச நேரம் கழித்துப் பாதி விரல் உள்ள கை வெளியே வந்து கம்பளியை இடுப்புவரை தள்ளியது. நெற்றி முழுக்க முத்து முத்தாக நின்றது. அவர் என்னைத் தேடிப் பார்த்தார்.

"வேர்த்துடுச்சு ஐயா" என்றார்.

உன் அண்ணன்